வெல்லத்தின் நிறத்தை அடுப்பு தீர்மானிக்கட்டும்

பொங்கல் நெருங்கினால் மளிகைக் கடைகளில் பளிச்சென்ற மஞ்சள் வெல்லம்தான் முதலில் தீர்கிறது. பழுப்பு வெல்லத்தை அழுக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்த அளவுகோல் எவ்வளவு தவறு என்பதைக் கொப்பரையே சொல்லும். கரும்புச் சாற்றில் பெரும்பங்கு தண்ணீர். அது வற்ற வற்றப் பாகின் சூடு ஏறி, தண்ணீரில் ஒரு துளி விட்டு விரலால் உருட்டிப் பார்க்கும் பதத்தில் ஏறத்தாழ 118 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. இந்தச் சூடும் சாற்றின் இயல்பான புளிப்பும் சேர்ந்து சுக்ரோஸில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைக்கின்றன. அவை சாற்றிலுள்ள அமினோ அமிலங்களோடு வினைபுரியும்போதுதான் பழுப்பு நிறமும் வெல்லத்துக்கே உரிய மணமும் பிறக்கின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மயார் 1912-ல் விவரித்த வினை இது. கல்லில் தோசை சிவப்பதும் இதனால்தான். பழுப்பு வேண்டாம் என்பவர், சூட்டின் இயல்பான விளைவையே வேண்டாம் என்கிறார்.

அந்த விருப்பத்துக்கு விடையாகத்தான் ஹைட்ராஸ் எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட் கொப்பரைக்குள் வந்தது. துணி வெளுக்கும் சாயப் பட்டறைப் பொருள் அது. நிறத்தை வெளுத்துவிட்டுக் கந்தக டை ஆக்சைடை மிச்சம் வைக்கிறது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது மூச்சுத்திணறலைத் தூண்டும். ஒரு கிலோ வெல்லத்தில் 70 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் கண்ணால் பார்த்து வாங்குகிறவருக்கு அந்த அளவு எப்படித் தெரியும்? இத்தனைக்கும் இந்த வெளுப்பு நிலைப்பதில்லை. இருப்பு வைத்தால் வெல்லம் மறுபடி கறுக்கத் தொடங்குகிறது.

கறுத்ததெல்லாம் நல்ல வெல்லமா என்று கேட்கலாம். இல்லைதான். அழுக்கு நுரையைச் சரியாக எடுக்காவிட்டாலும், அடி பிடித்தாலும், சுண்ணாம்பு கூடிப்போனாலும் நிறம் கறுக்கும். வெண்டைத் தண்டின் வழவழப்பால் அழுக்கைத் திரட்டி எடுக்கும் கைதேர்ந்தவரின் வெல்லம் மருந்தில்லாமலே சற்று வெளிறியிருக்கும். ஆகவே நிறம் எந்தப் பக்கமும் நம்பத்தக்க சாட்சி அல்ல. பழுப்பு வெல்லத்துக்கு விலை கிடைப்பதில்லை என்று ஆலைக்காரர்கள் சொல்வதும் நியாயம். கொப்பரை போடுகிறவர்மீது மட்டும் சோதனை நடத்தி, மஞ்சளுக்குக் கூடுதல் விலை தரும் சந்தையை அப்படியே விட்டுவைத்தால் ஹைட்ராஸ் ஒழியாது. பழநி கோயில் பஞ்சாமிர்தத்துக்காகக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நாட்டுச்சர்க்கரை வாங்குகிறது. அதுபோன்ற கூடங்களில் வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் ஏலத்துக்கு வரும்போதே கந்தக அளவையும் ஈரத்தையும் சோதித்து, முடிவை மூட்டையில் எழுதி, அதன்படி விலை நிர்ணயிக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.