வைக்கோல் யாருக்கு?

பயிர்ப் பருவம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ‘விவசாயி’ என்கிறார்கள். யார் அந்த விவசாயி? பட்டா வைத்திருக்கிறவர். நாத்து பறிச்சவளும் நடவு நட்டவளும் களை எடுத்தவளும் அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. காவிரிப் படுகையின் பருவ அட்டவணையைக் கையில் எடுத்து, அதில் சேரி எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும், தோழர்களே. கூலியை மட்டும் நான் கேட்கவில்லை. வைக்கோலையும் சேர்த்துக் கேட்கிறேன்.

அட்டவணை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பது வழக்கம். திறந்தால் குறுவை, 105 நாளிலிருந்து 120 நாளுக்குள் அறுப்பு. அதன் தாளிலேயே அடுத்த நடவு, தாளடி. ஒரு போகம்தான் என்றால் சம்பா. தை மாசம் அறுப்பு. குறுவை அறுப்பு மழையில் மாட்டிக்கொள்ளும். அந்த வைக்கோல் பெரும்பாலும் நனைந்து மக்கிப்போகும். ஆக, வருசம் முழுக்க மாடு தின்ன வேண்டிய வைக்கோல் தை, மாசியில்தான் சேர வேண்டும். அந்த ரெண்டு மாசத்தில் சேர்க்க முடியாதவர் வீட்டு மாடு சித்திரை, வைகாசியில் எலும்பும் தோலுமாக நிற்கும்.

கையறுப்புக் காலத்தில் அரிவாள் தரையோடு ஒட்டிப் போகும். கட்டு கட்டி, களத்துக்குத் தூக்கி, அடித்து, தூற்றி முடித்தால் கூலி நெல், அதற்கு மேல் களவடி. எங்கள் பக்கத்தில் ஒரு சுமை வைக்கோலும் வீட்டுக்கு வரும். சிந்தின கதிரைப் பொறுக்கின கிழவி மடியிலும் நாலு பிடி நெல் இருக்கும். இதெல்லாம் மிராசுதார் தயவு இல்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சங்கமாக நின்றதற்குத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். அதற்குப் பிறகே 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நெல்லுக்கு ரத்தம் சிந்திச் சட்டம் வாங்கினோம். வைக்கோல் சுமையோ எங்கள் ஊர்களில் வாய்வழக்கமாகவே இருந்துவிட்டது. வாய்வழக்கத்தை ஒரே நாளில் இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டார்கள்.

அறுப்பு மிஷின் வந்தது. ஒரு ஏக்கர் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது. கூலி போச்சு. வைக்கோல் வயலிலேயே சிதறிக் கிடக்கிறது. பின்னாலேயே இன்னொரு மிஷின் வந்து அதை உருளை உருளையாகக் கட்டுகிறது. கட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசி, வெளி மாவட்டத்துக்கும் கேரளத்துக்கும் லாரி ஏறுகிறது. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் வயல் ஈரத்தில் தெளிக்கிற உளுந்தின் முளையையும் செயின் மிஷின் நசுக்கிவிடுகிறது. உளுந்து பிடுங்குகிற பெண்களின் கூலியும் அங்கே குறைகிறது.

அரிவாளைத் திருப்பிக் கொடு என்று நான் கேட்கவில்லை. விடியக்காலம் முதல் பொழுது சாயும்வரை குனிந்தே கிடந்த முதுகு நம் பெருமை இல்லை. மிஷின் வரட்டும். ஆனால் மிஷின் மிச்சப்படுத்துகிற காசு முழுக்க ஒரு பக்கம், இழப்பு முழுக்க இன்னொரு பக்கம் என்பது எந்த நியாயம்?

2011-இல் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லாமல் நாலு ஆடு கொடுக்கத் தொடங்கியது. ஆடு வந்தது, மேய இடம் வந்ததா? தப்பித்தவறி வயலில் வாய் வைத்தால் ஆட்டைப் பிடித்துக் கட்டுவார்கள், அபராதம் கேட்பார்கள், சாதி பேர் சொல்லித் திட்டுவார்கள். தீவனத்துக்கு வழி கேட்டால் அதிகாரிகளிடம் பதில் தயார்: கம்பு நேப்பியர் போடு, தீவனச் சோளம் போடு, வேலிமசால் போடு. நல்ல பயிர்கள்தான். எங்கே போடுவது? குடிசை வாசலிலா? 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, 21 நாள் மூடி வைத்தால் சத்து கூடும் என்கிறார்கள். உண்மைதான். முதலில் அந்த 100 கிலோ வைக்கோல் வேணுமே!

கேட்க வேண்டியது மூன்று. ஒன்று, எந்த வயலில் நட்டோமோ களை எடுத்தோமோ, அந்த வயலின் வைக்கோலில் ஒரு பங்கு, கட்டு மிஷின் இறங்கும் முன்னால் நமக்கு. இதை நடவுக் கூலி பேசும்போதே பேசி முடிக்க வேண்டும். இரண்டு, உளுந்து தெளிக்காத வயல்களில் அறுப்பு முடிந்ததும் ஆடு மாடு மேய இத்தனை நாள் என்று ஊராட்சி அறிவிக்க வேண்டும். மூன்று, ஆக்கிரமிப்பில் இருக்கிற மேய்க்கால் புறம்போக்கை மீட்டு, நிலமில்லாத பெண்களின் குழுவுக்குத் தீவனம் வளர்க்கக் கொடுக்க வேண்டும். நிலம் என்றதும் துப்பாக்கி வரும் என்பது நமக்குத் தெரியாததல்ல. 1892-இல் ஒதுக்கின பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்கு, டெல்டாவுக்கு வெளியே செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் 1994-இல் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்காகக் கேட்காமல் இருக்க முடியுமா?

மாணவத் தோழர்கள் மார்கழி விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் எத்தனை மாடு, எத்தனை ஆடு, போன வருசம் வீட்டுக்கு எத்தனை கட்டு வைக்கோல் வந்தது, அதற்கு எவ்வளவு காசு கொடுத்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் மேய்க்கால் புறம்போக்கின் சர்வே எண்ணைக் கேளுங்கள். ஜனவரி 26 கிராமசபை சரியாகத் தை அறுப்பு நடுவில் வருகிறது. கணக்கோடு போய் மூன்று கோரிக்கையையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், மறுத்தவர் யார் என்பதையாவது தெரு முழுக்கத் தெரிந்துகொள்ளட்டும்.