மும்பை இந்தியன்ஸ்: 125 கோடியில் 75 கோடி 5 பேருக்கு... டிரேடு எந்த ஓட்டையை அடைத்தது?

மாட்டுங்கா, செம்பூர், தாராவி எங்கே இருந்தாலும் சரி, உங்கள் வீட்டு ஹாலில் மஞ்சள் ஜெர்சியும் நீல ஜெர்சியும் சேர்ந்தேதான் ஐபிஎல் பார்க்கும். 2025 நவம்பரில் மஞ்சள் கட்சிக்குப் பெரிய செய்தி கிடைத்தது. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, 18 கோடி சம்பளத்துக்கு சஞ்சு சாம்சனைக் கொண்டுவந்தது சென்னை. அதே நாட்களில் மும்பை சத்தமில்லாமல் மூன்று பேரை எடுத்தது. மூவருக்கும் சேர்த்தே 4.9 கோடிதான்.

ஏன் இவ்வளவு சிக்கனம்?

கணக்கைப் பாருங்க. பும்ரா 18 கோடி, சூர்யகுமார், ஹர்திக் தலா 16.35 கோடி, ரோஹித் 16.30 கோடி, திலக் வர்மா 8 கோடி. மொத்தம் 75 கோடி. ஓர் அணி 2026-க்குச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 125 கோடி. அதாவது 60 சதவீதம் ஐந்தே பேருக்குப் போய்விடுகிறது. மீதி 20 பேரை 40 சதவீதத்தில் சமாளிக்க வேண்டும். அதனால்தான் டிசம்பர் ஏலத்துக்கு மும்பை வெறும் 2.75 கோடியுடன் போனது.

எங்கே ஓட்டை?

முதலில் வேகப்பந்து. 2025-ல் காயம் காரணமாக பும்ரா முதல் நான்கு ஆட்டங்களில் இல்லை. அதில் மூன்று தோல்வி. அவர் வந்தபிறகு ஒரு கட்டத்தில் தொடர்ந்து ஆறு வெற்றி. அவர் இல்லாத நாளுக்கு ஆள் வேண்டும் என்பது தெளிவு. அதற்குத்தான் லக்னோவிலிருந்து ஷர்துல் தாக்கூர், 2 கோடி. 2025-ல் மாற்று வீரராக வந்து 10 ஆட்டங்களில் 13 விக்கெட் எடுத்தவர், பேட்டும் சுற்றுவார்.

அடுத்து சுழல். கர்ண் ஷர்மா, விக்னேஷ் புத்தூர் இருவரையும் விடுவித்ததால் இந்திய லெக் ஸ்பின்னர் தேவைப்பட்டார். கொல்கத்தாவிலிருந்து மயங்க் மார்க்கண்டே, 30 லட்சம்.

மூன்றாவது, குஜராத்திலிருந்து ஷெர்ஃபேன் ரூதர்ஃபோர்டு, 2.6 கோடி. இங்கேதான் கொஞ்சம் யோசிக்கணும். ஆடும் பதினொன்றில் வெளிநாட்டவர் நான்கு பேர்தான். ரிக்கல்டன், வில் ஜாக்ஸ், சான்ட்னர், போல்ட் என்று வைத்தாலே இடம் முடிந்தது. ரூதர்ஃபோர்டு ஆட வேண்டுமென்றால் இவர்களில் ஒருவர் உட்கார வேண்டும். ஆக, இது அணியைப் பலப்படுத்தும் டிரேடு என்பதைவிட இன்சூரன்ஸ் பாலிசி.

டிரேடு எப்படி நடக்கிறது?

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் பெரும்பாலான வீரர்களிடம் சம்மதம் கேட்பதில்லை. 2025 பிப்ரவரியில் லூகா டான்சிச்சை டல்லாஸ் திடீரென லேக்கர்ஸுக்கு அனுப்பியது அப்படித்தான். ஐபிஎல்லில் வீரரின் சம்மதம் இல்லாமல் டிரேடு கிடையாது. ஆளுக்கு ஆள் மாற்றலாம், பணம் மட்டும் கொடுத்தும் வாங்கலாம். மும்பையின் மூன்றுமே பணம் கொடுத்து வாங்கியவை.

இனி என்ன வழி?

ஏலத்தில் குவின்டன் டி காக் 1 கோடிக்கு வந்தார். இன்னும் நான்கு இளைஞர்கள், தலா 30 லட்சம். கையில் மிச்சம் 55 லட்சம். அணியில் 25 பேர், வெளிநாட்டவர் 8 பேர்; இரண்டும் அதிகபட்சம். இனி ஒருவர் உள்ளே வர வேண்டுமென்றால் ஒருவர் வெளியே போயாக வேண்டும்.

ஏலத்துக்குப் பிறகு டிரேடு சன்னல் மறுபடி திறந்து, சீசனுக்கு ஒரு மாதம் முன்புவரை இருக்கும். ஆனால் அதே ஏலத்தில் வாங்கியவரை மாற்ற முடியாது. எனவே டி காக் நகர முடியாது; ரிக்கல்டன் நகரலாம். இருவருமே தென்னாப்பிரிக்கர்கள், இடதுகை தொடக்க ஆட்டக்காரர்கள், விக்கெட் கீப்பர்கள். ஒரே வேலைக்கு இரண்டு பேர். இந்திய விக்கெட் கீப்பர் என்று பார்த்தால் இளம் ராபின் மின்ஸ்தான். மும்பை ஒரு டிரேடு யோசித்தால், ரிக்கல்டனைக் கொடுத்து இந்திய கீப்பர்-பேட்டரைக் கேட்பதுதான் நியாயமான கணக்கு. ஆனால் காயத்துக்குப் பயந்தால் இருவரையும் வைத்துக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2023 நவம்பரில் ஹர்திக்கை குஜராத்திலிருந்து கொண்டுவந்தபோது எக்செல் ஷீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 2024-ல் 14 ஆட்டங்களில் 4 வெற்றி, கடைசி இடம். மும்பை கடைசியாகக் கோப்பை தூக்கியது 2020-ல். இந்த முறையும் முடிவு 30 லட்சத்திலோ 2 கோடியிலோ இல்லை. அந்த 75 கோடியில் எத்தனை பேர் முழு சீசனும் உடல்தகுதியோடு ஆடுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.