பட்ட மரத்தின் பக்கம் நின்று

போலந்துக்கும் பெலாரஸுக்கும் இடையே பரந்திருக்கும் பியாவோவியெஷா, ஐரோப்பியச் சமவெளியில் எஞ்சியிருக்கும் தொல்காடுகளுள் முதன்மையானது. அதைக் காப்பாற்றப் போவதாகச் சொல்லித்தான் அதை வெட்டினார்கள்.

பட்டை வண்டுகள் ஸ்ப்ரூஸ் மரங்களைக் கொல்கின்றன, ஆகவே நோயுற்ற மரங்களை அகற்றியாக வேண்டும் என்பது வாதம். இதை முன்வைத்து 2016இல் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் யான் ஷிஷ்கோ, ஒரு வனச்சரகத்தின் பத்தாண்டு வெட்டு அளவை ஏறத்தாழ மூன்று மடங்காக, 188,000 கன மீட்டராக உயர்த்த ஒப்புதல் அளித்தார். 2017 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதன் பின்னரும் இயந்திரங்கள் ஓயவில்லை. 2018 ஏப்ரலில் அந்த வெட்டு சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. வெட்டுண்ட நூற்றாண்டு மரங்களைத் தீர்ப்பு மீண்டும் நட்டுவைக்காது.

வழக்கைவிட முக்கியமானது, அந்த வாதத்தின் அடியிலுள்ள பிழை. பட்ட மரம் காட்டுக்குக் கழிவு என்று நினைப்பது மரக்கிடங்கின் கணக்கு. காட்டின் கணக்கு வேறு. மூவிரல் மரங்கொத்திக்குப் பட்டை வண்டின் புழுக்களே உணவு. அது குடைந்து கைவிட்ட பொந்தில் குட்டி ஆந்தை குடியேறுகிறது. விழுந்த மரத்தில் பூஞ்சை படர்கிறது, அந்த மட்கின் மேல் புதிய நாற்று வேர்விடுகிறது. 1921 முதல் கோடரி படாமல் காக்கப்பட்ட உட்பகுதியிலும் ஸ்ப்ரூஸ்கள் மடிகின்றன. அங்கே காடு அழிந்துவிடவில்லை. வேறு மரங்கள் அந்த வெளிச்சத்தை எடுத்துக்கொள்கின்றன.

எதிர்த்தரப்பினர் கேட்கக்கூடும்: காட்டெருதை மீட்டதும் மனிதத் தலையீடுதானே? உண்மை. அங்கே கடைசிக் காட்டெருது 1919இல் கொல்லப்பட்டது. உயிர்க்காட்சிச் சாலைகளில் எஞ்சியவற்றைப் பெருக்கி 1952இல் மீண்டும் காட்டில் விட்டார்கள். இன்று உலகிலுள்ள ஐரோப்பியக் காட்டெருதுகள் அனைத்தும் வெறும் 12 விலங்குகளின் வழித்தோன்றல்கள். ஆனால் அது, மனிதன் பறித்ததை மனிதன் திருப்பித் தந்தது. பட்ட மரத்தை வெட்டி விற்பது எதைத் திருப்பித் தருகிறது?

2022இல் அதே காட்டின் ஊடாக எல்லையில் ஐந்தரை மீட்டர் உயர எஃகு வேலி எழுந்தது. காரணங்கள் மாறுகின்றன, விலை கொடுப்பது எப்போதும் காடுதான். போலந்துப் பகுதியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே தேசியப் பூங்கா. மீதியையும் பூங்காவாக்குவதே நேர்மையான பரிகாரம். அந்தக் காட்டுக்கு மருத்துவர் தேவையில்லை. அவகாசம்தான் தேவை.