தொலைதூரப் பஸ்களும் மெட்ரோ ரயிலும்

சென்னையில் மெட்ரோ ரயில் பெருகி வருவதை நாம் வரவேற்கிறோம். 2015 ஜூன் மாதம் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்குமிடையே முதல் வண்டி ஓடிற்று. வெளியூர்ப் பஸ்ஸில் வந்திறங்குவோர் பக்கத்திலேயே ரயிலேறும் வசதி அன்று கிட்டியது. ஆனால் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டு, அடுத்த மாதம் தென் மாவட்டப் பஸ்கள் அங்கு மாற்றப்பட்டபோது, மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றிருந்தது.

நகரின் நெரிசல் குறையவேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. மூட்டையோடு வருபவர் பாடு என்னாவது? பரமக்குடியிலிருந்தோ அருப்புக்கோட்டையிலிருந்தோ சேலைக் கட்டுகளுடன் இரவெல்லாம் பயணஞ்செய்து விடியுமுன் இறங்கும் நெசவாளர், எழும்பூரிலுள்ள கோ-ஆப்டெக்ஸ் தலைமையகத்துக்குச் செல்ல மீண்டும் வண்டி மாறவேண்டும். மாநகரப் பஸ்கள் உண்டுதான்; கட்டுகளை இறக்கி ஏற்றிப் பார்த்தவருக்கே அதன் சிரமம் தெரியும். கோயம்பேடு சந்தைக்குப் பூக்கூடை கொண்டுவரும் குடியானவருக்கோ தாமதமே நஷ்டம். பின்னிரவில் மெட்ரோ ஓடுவதுமில்லை. வாடகைக் கார் பிடித்தால் கூடையின் லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

ஆகவே, ரயில் பாதை கிளாம்பாக்கத்தை எட்டும்வரை, பின்னிரவில் வரும் பஸ்களில் ஒரு பகுதியேனும் கோயம்பேடுவரை ஓடவேண்டும். அவ்வேளையில் சாலையில் நெரிசல் ஏது? ரயில் வந்த பிறகும், மூட்டைகளுக்கு இடமுள்ள இணைப்புப் பஸ்கள் நீடிக்க வேண்டும். சங்கங்கள் தத்தம் நிர்வாகக் குழுவில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றிப் போக்குவரத்துத் துறைக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.