பெயர் கண்டிராக்டர், காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு?

இருபது வருஷம் கரண்டி பிடித்த கொத்தனார், நாலு சித்தாள்களைச் சேர்த்துக்கொண்டு சிறு வேலைகளைக் குத்தகைக்குப் பிடிக்கிறார். அன்று முதல் அவர் தொழிலாளி அல்லவாம், ‘கண்டிராக்டர்’! சாரம் சரிந்தால் அவர் காலும்தான் ஒடிகிறது. சிமெண்டுத் தூசி அவர் நெஞ்சிலும்தான் இறங்குகிறது. வைத்தியச் செலவு?

1955-இல் கோவைக்கு ஈ.எஸ்.ஐ. வந்தது. அதன் குறைகளும் அருமையும் பஞ்சாலைத் தோழர்களுக்குத் தெரியும். மருந்துக்கு மணிக்கணக்கில் நிற்கிறோம். ஆனால் ஆபரேஷனுக்காக வீட்டை விற்பதில்லை. சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் நம் பங்கு, மூன்றேகால் ரூபாய் முதலாளி பங்கு. மேஸ்திரிக்கு முதலாளி யார்? “அவர் எங்கள் ஆள் அல்ல” என்று கை விரிக்கிறது கட்டடக் கம்பெனி. பத்துப் பேருக்குக் குறைந்த சின்ன வேலையில் அவருடைய சித்தாளுக்கும் ஈ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. அறுப்பு முடிந்ததும் சட்டி தூக்கப் போகும் விவசாயத் தொழிலாளிகள் இதை அனுபவித்தவர்கள்.

முதலமைச்சர் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள், அதாவது மாதம் பத்தாயிரத்துக்குள், இருக்க வேண்டும். தினம் விழுங்கும் சர்க்கரை மாத்திரைக்கு அதில் காசு கிடையாது.

மிச்சம், தனியார் இன்ஷூரன்ஸ். தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சத வரியை 2025 செப்டம்பரில் எடுத்ததைப் பெரிய தர்மமாகப் பேசினார்கள். வயதோடு பிரீமியம் ஏறுகிறதே, அதைப் பேசினார்களா? ஏற்கெனவே உள்ள வியாதிக்கு மூன்று வருஷம் வரை காத்திரு என்கிறது பாலிசி. ரத்தக்கொதிப்பு காத்திருக்குமா? மழைக்காலத்தில் வேலை நின்று தவணை தவறினால், சலுகை நாட்கள் கழிந்ததும் பாலிசி செத்துப் போகிறது. இதற்குப் பெயர் ‘விருப்பம்போல் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம்’!

கூலியைப் பிடித்து வைக்கும் மேஸ்திரிகளும் உண்டு. அந்தச் சண்டையை நாம் விடப்போவதில்லை. அதற்காக, அவர் ஆஸ்பத்திரி வாசலில் கடன் பத்திரம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்தக் கடன் மறுவாரமே சித்தாள் கூலியில்தான் விடிகிறது.

2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 45-வது பிரிவு, அமைப்புசாராத் தொழிலாளிகளுக்கு ஈ.எஸ்.ஐ. பலன்கள் தர மத்திய சர்க்கார் திட்டம் வகுக்கலாம் என்கிறது. சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களும் அதில் அடக்கம். ‘வகுக்கலாம்’ என்ன, ‘வகுக்கலாம்’? வகுக்க வேண்டும் என்று எழுது! பணத்துக்குப் பஞ்சமா? கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் செஸ் வசூலாகிறது. அந்தப் பணம் வருஷக்கணக்கில் முடங்கிக் கிடந்ததை 2018-இல் சுப்ரீம் கோர்ட்டே கண்டித்தது.

மேஸ்திரி தன் முக்கால் ரூபாயைக் கட்டட்டும். மூன்றேகால் ரூபாயைச் செஸ் நிதி கொடுக்கட்டும். சித்தாள் பெயரையும் அதே ஏட்டில் எழுது.