சோதனை அறிக்கையை வாசலில் ஒட்டுங்கள்

2023 செப்டம்பரில் நாமக்கல் உணவகம் ஒன்றில் வாங்கிய ஷவர்மாவைச் சாப்பிட்ட 14 வயது மாணவி இறந்துபோனாள். அங்கே சாப்பிட்ட இன்னும் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அதன் பிறகுதான் தமிழகமெங்கும் அதிகாரிகள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள்.

சாவுக்குப் பின் வரும் சோதனை யாரைக் காப்பாற்றும்?

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கடைகளில் 14 இலக்க உரிம எண் தொங்குகிறது. கடைசிச் சோதனை எப்போது நடந்தது, என்ன குறை கண்டார்கள் என்பதை அந்த எண் சொல்வதில்லை. நியூயார்க்கில் 2010 முதல் சோதனைத் தரத்தை உணவக வாசலிலேயே ஒட்டுகிறார்கள். திருவேங்கடம் போன்ற சிற்றூரின் கடைத்தெருவில் புரோட்டா சாப்பிடுபவருக்கும் அதை அறியும் உரிமை வேண்டும். அரசு உடனே ஆணையிட வேண்டும்.

அதுவரை, குறை கண்டால் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்துடன் புகார் அனுப்புங்கள்.