மூன்றாம் முறை நீட் எழுதும் முன்

ஆண்டுதோறும் நீட் தேர்வின் முடிவு வெளிவரும் நாள்களில், எங்கள் புறநோயாளிகள் பிரிவில் நோயைப் பற்றிய கேள்விகளோடு வேறொரு கேள்வியும் வந்து சேர்கிறது. மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்ட தந்தையோ தாயோ எழுந்து செல்லாமல் தயங்குவர். "பிள்ளை இரண்டு முறை எழுதிவிட்டாள், சார். மார்க் வரவில்லை. பிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்கிறேன் என்கிறாள். சேர்க்கலாமா, இன்னொரு முறை எழுதச் சொல்லலாமா?" வரிசையில் பலர் காத்திருக்கையில் இதற்கு முழுமையான விடை கூற இயலுவதில்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

எங்கள் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். இலக்கை மாற்றிக்கொள்வது தோல்வி அன்று. ஆனால் மாற்றிக்கொண்ட இலக்கு எது என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் ஐயமற அறிந்திருக்க வேண்டும். டாக்டர் ஆவதற்கான குறுக்குவழி என்று எண்ணி இப்படிப்பில் சேர்வோர் இரண்டாம் முறையும் ஏமாற நேரும்.

பெயர் நம் பகுதிக்குப் புதியதாகத் தோன்றலாம். பணி முற்றிலும் புதியதன்று. டாக்டரின் அருகிருந்து நோயாளியை விசாரித்து, கட்டுக் கட்டி, மருந்து கலந்து கொடுத்த கம்பவுண்டரை மூத்தோர் அறிவர். அவர் பழக்கத்தால் கற்றவர். மருத்துவ உதவியாளரோ பட்டப்படிப்பால் கற்றவர். 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜீன் ஸ்டெட் இப்படிப்பைத் தொடங்கினார். அவர் தேர்ந்தெடுத்த முதல் நால்வரும் கடற்படையில் மருத்துவத் துணைப்பணி பார்த்துத் திரும்பியவர்கள். வாழ்க்கையில் வழி மாறி வந்தவர்களைக் கொண்டே இத்தொழில் பிறந்தது என்பதைப் பெற்றோர் நினைவிற்கொள்ள வேண்டும். இந்தியாவில் இது 1992இல் சென்னையிலுள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் தொடங்கியது. தொடங்கியவர், 1975இல் நாட்டின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்த டாக்டர் கே.எம். செரியன்.

இவர்களின் பணி யாது? எங்கள் மாவட்டத்திற்குப் பொருந்தும் ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறோம். நடவு முடிந்த நாள்களில் ஒருவர் காய்ச்சலோடும் உடல்வலியோடும் வருகிறார். அது சாதாரணக் காய்ச்சலாகவும் இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். தேங்கிய நீரில் வெறுங்காலோடு நின்றாரா, காலில் வெடிப்போ புண்ணோ உண்டா, சிறுநீர் குறைந்ததா, கெண்டைக்கால் தசை வலிக்கிறதா எனப் பொறுமையாகக் கேட்டு எழுதுவது உதவியாளரின் பணி. அவ்விவரங்களை ஆராய்ந்து, நோய் இன்னதென்று முடிவு செய்து, மருந்து எழுதுவது மருத்துவரின் பொறுப்பு. கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமற் போனால் மருத்துவரின் முடிவும் பிறழக்கூடும். வார்டில் நோயாளியின் நிலையைக் கவனித்து உடனுக்குடன் தெரிவிப்பது, அறுவை அரங்கில் துணைநிற்பது, டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பது, வீட்டிற் கடைப்பிடிக்க வேண்டியவற்றைக் குடும்பத்தாருக்கு விளக்குவது ஆகியனவும் இவர்களுடைய பணிகளே.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு மூன்றாண்டுக் கல்வியும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் கொண்டது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றோர் சேரலாம். துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கான கலந்தாய்வைத் தேர்வுக்குழு பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு நடத்தி வந்துள்ளது. 2021ஆம் ஆண்டின் தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் இத்தொழிலைத் தன் அட்டவணையிற் சேர்த்து, மாநிலந்தோறும் மன்றமும் பதிவேடும் அமைய வேண்டும் என்கிறது. ஆகவே இதைப் பெயரற்ற வேலை என்று இனிக் கூற இயலாது.

இனி, இப்படிப்பு தராதவற்றையும் கூறவேண்டும். இதை முடித்தவர் தம் பெயருக்கு முன் டாக்டர் என்று போட்டுக்கொள்ள இயலாது. தனியே கிளினிக் வைக்க இயலாது. இதிலிருந்து எம்.பி.பி.எஸ்.ஸின் இடையாண்டில் நேரடியாகச் சேரும் வழியும் இல்லை. தொடக்க ஊதியம் பல இடங்களில் குறைவு. இவற்றைக் கேட்டபின்னும் "நோயாளியின் அருகிலேயே என் வேலை இருக்கவேண்டும்" என்று பிள்ளை கூறுமாயின், அவ்விருப்பம் உண்மையானது. டாக்டர் என்னும் பட்டமே வேண்டும் என்றால், நான்காண்டுகளும் கசப்பாகவே கழியும்.

எல்லை தெளிவாக இல்லாவிடில் கேடு நோயாளிக்கே. பிரிட்டனில் இதே பணியில் இருப்போரை 'அசோசியேட்' என்றழைத்தமையால் பலர் அவர்களை மருத்துவர் என்றே கருதினர். பெரும் சர்ச்சைக்குப் பின் பேராசிரியர் ஜில்லியன் லெங் ஆய்ந்து 2025 ஜூலையில் அளித்த அறிக்கை, அவர்களை 'அசிஸ்டென்ட்' என்றே அழைக்க வேண்டும் என்றது. நோய் இன்னதென்று கண்டறியப்படாத நோயாளியைத் தெளிவான நெறிமுறையின்றி அவர்கள் பார்க்கலாகாது என்றும், மருத்துவரிடமிருந்து வேறுபடுத்தும் அடையாளம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இது இத்தொழிலை இழிவுபடுத்துவதாகாது. எல்லை தெரிந்தால்தான் மதிப்பும் நிலைக்கும்.

மூன்றாம் முறை எழுதவே கூடாது என்று நாங்கள் கூறவில்லை. மதிப்பெண் முறைக்கு முறை உயர்ந்து, வாய்ப்பின் விளிம்பில் நிற்கும் பிள்ளை எழுதட்டும். ஆனால் மதிப்பெண் நின்ற இடத்திலேயே நிற்கையில், நகையை அடகு வைத்து, குறுவைக்கு வைத்திருந்த பணத்தையும் எடுத்துப் பயிற்சி நிலையத்திற் கட்டுவது பிள்ளையின் தோளில் கடனையும் சேர்த்து ஏற்றுவதாகும். "நான் படித்தால் போதுமா, ஜெயித்தே ஆகவேண்டுமா" என்று கேட்கவும் அஞ்சி உறக்கமிழக்கும் பிள்ளைகளை நாங்கள் நோயாளிகளாகப் பார்க்கிறோம். ஓராண்டு வீணாகிறதே என்று கவலைப்படும் வீட்டார், அவ்வாண்டில் பிள்ளை எத்தனை முறை சிரித்தாள் என்றும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சேர்ப்பதற்கு முன் மூன்றைக் கேட்டறியுங்கள். கல்லூரி அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டதா? பயிற்சிக்கு நோயாளிகள் நிறைந்த மருத்துவமனை உண்டா? அங்கே படித்து முடித்தோர் இப்பொழுது எங்கே, எவ்வளவு ஊதியத்தில் பணிபுரிகின்றனர்? ஆறு மாதத்தில் சான்றிதழ் தருவோம் என்போர் தருவது இப்பட்டம் அன்று.

எங்களைப் போன்ற மருத்துவமனைகளுக்கும் கடமை உண்டு. உதவியாளரின் சட்டையில் பெயரும் பணியும் தமிழில் தெளிவாக இருக்கவேண்டும். ஆள் குறைவு என்பதற்காக மருத்துவரின் பொறுப்பை அவர்மேல் சுமத்தலாகாது. நான்காண்டு கற்றவருக்கு அதற்குரிய ஊதியம் தரவேண்டும். நோயாளிகளாகிய நீங்களும் "நீங்கள் டாக்டரா, உதவியாளரா?" என்று தயங்காமல் கேளுங்கள். "உதவியாளர்" என்று விடை வந்தால் முகம் சுளிக்காமல் உங்கள் நோயின் கதையை முழுதும் கூறுங்கள். அதைக் கேட்டு எழுதத்தான் அவர் நான்காண்டு படித்திருக்கிறார்.